மறந்து போச்சு மக்ளே

என் பழைய களக் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "பகல் 3.20. இத்துடன் பாட்டு நின்றது. தகவலாளிக்கு மீதிக் கதை நினைவில்லை."

2002 தை மாதம், கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் ஒரு விளையில், வில்லுப்பாட்டு அண்ணாவி (குழுவை நடத்தும் தலைமைப் பாடகர்) ஒருவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது. எழுதும்போது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எழுபது வயதுக்காரர், மறந்துவிட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு வரியில் எத்தனை கோளாறு இருக்கிறது என்று தெரிய இருபது வருடம் ஆயிற்று. மக்களிடம் வழங்கும் கதை, பாட்டு, சடங்குகளை ஆராய்கிற நாட்டார் வழக்காற்றியலைப் பாடமாக எடுத்துப் படிக்க வரும் பிள்ளைகள் "களப்பணின்னா என்ன மேடம், போய் ரெக்கார்டு பண்ணணும், அதானே?" என்று கேட்கும்போதெல்லாம் இந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும்.

நான் விளவங்கோட்டுக்காரி. மார்த்தாண்டத்துக்கு மேற்கே பிறந்து வளர்ந்தவள். முனைவர் பட்டத்துக்கு எங்கள் பக்கத்துப் பெண்தெய்வமான இசக்கியம்மன் கதையை எடுத்தபோது, சொந்த மாவட்டம்தானே, ஆய்வு சுலபமாக முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முதல் நாளே அந்தக் கணக்கு தப்பியது. அண்ணாவி வீட்டில் "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தருவீங்களா?" என்று கேட்டேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீரே வெள்ளம்தான். அவர்களுக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது. "எனக்க நோட்டு" என்று நான் சொன்னதைக் கேட்ட பாட்டி, "மலையாளத்துப் பிள்ளையா?" என்று விசாரித்தார். பழைய நாலு தாலுகாவும் சேர்ந்தாலே காலையில் கிளம்பிப் போய் மாலையில் திரும்பிவிடலாம். அதற்குள்ளேயே நான் அயலூர்க்காரி ஆகிவிட்டேன். சொந்தப் பண்பாட்டை ஆய்வு செய்கிறவருக்கு உள்ளிருந்து பார்க்கிற வசதி உண்டு என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த 'உள்' எங்கே முடிகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "யாரு பிள்ளை?" ஊரையும் அப்பா பேரையும் சொன்னால் போதாது, சாதியைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் மழுப்பினேன். மழுப்புகிறேன் என்று தெரிந்ததும் அவர்களே ஒன்றை ஊகித்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி சிலதைச் சொன்னார்கள், சிலதை விட்டார்கள். பிறகு நேராகச் சொல்லத் தொடங்கினேன். சில வீடுகளில் கதவு திறந்தது, சில வீடுகளில் பேச்சு சுருங்கியது. இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். ஒருவர் ஒரு கதையை எப்படிச் சொன்னார் என்பதோடு, யாரிடம் சொன்னார் என்பதும் தரவுதான். அந்த இடத்தில் 'யாரிடம்' என்பது நான்தான்.

இன்னொரு கூத்து வருடத்தைக் கணக்குப் பார்ப்பதில் நடந்தது. "முதமுதல்ல எப்பம் பாடினீங்க பாட்டா?" என்று கேட்டேன். "பதினெட்டாம் ஆண்டுப் பஞ்சத்துக்கு மறு வருசம்" என்றார். நானும் 1918 என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரி விடுதியில் கணக்குப் பார்த்தால் அண்ணாவிக்கு நூறு வயது ஆகிறது! அவர் சொன்னது பழைய திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு 1118. கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை என்றால் 824 கூட்ட வேண்டும், அதற்கு மேல் என்றால் 825. ஆக 1942-43. பர்மா அரிசி நின்றுபோய்த் திருவிதாங்கூர் பட்டினி கிடந்த காலம். இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். வயதானவர்களின் நினைவு அதற்குப் பிறகும் பல வருடம் கொல்லம் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கடற்கரை ஊர்களுக்குப் போனால் 'சுனாமிக்கு முன்ன', 'ஒக்கிக்குப் பொறவு' என்கிறார்கள். அங்கே சுனாமி வந்த 2004-உம் ஒக்கிப் புயல் அடித்த 2017-உம்தான் காலண்டர். எந்த வருடம் என்று கேட்பதைவிட, எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டால் நம்பகமான பதில் கிடைக்கும்.

சரி, திண்ணைக்கு வருகிறேன்.

மூன்று முறை வெறும் கையோடு போய்ப் பேசிவிட்டு வந்தபின் நாலாவது முறைதான் ரெக்கார்டரை எடுத்துப்போனேன். அதை மட்டும் சரியாகச் செய்தேன் என்று இன்றும் நினைக்கிறேன். வில்லை வீட்டில் கட்டவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டும் நடுநடுவே, வில்லை அடிக்கும் வீசுகோலைத் தட்டிக்கொண்டும் பாடினார். நீலி கதை, இசக்கி தெய்வமான கதை அதுதான். தாசி வீட்டில் எல்லாவற்றையும் தொலைத்த ஒரு பார்ப்பனன். பணம் தீர்ந்ததும் தாசியின் தாய் அவனைத் துரத்துகிறாள். மகளோ அவன்மேல் வைத்த பிரியத்தால் நகைகளோடு அவன் பின்னாலேயே காட்டுவழி போகிறாள். களைத்துப்போய் ஒரு கள்ளிச்செடி அடியில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் நகையைப் பார்க்கிறான். மணலைக் கூட்டித் தலையணைபோல் குவித்து, அவள் தலையை மெல்ல மடியிலிருந்து மணலுக்கு மாற்றுகிறான். கல்லைத் தேடி எழுகிறான்…

அண்ணாவி வீசுகோலைக் கீழே வைத்தார். "இதுக்கு மேல மறந்து போச்சு மக்ளே. சாயா குடிப்போம்."

நானும் குடித்தேன். நோட்டிலும் எழுதினேன்.

அந்த அரைக் கதையை வைத்துக்கொண்டு நான் செய்ததையும் சொல்ல வேண்டும். ரஷ்ய அறிஞர் விளாதிமிர் புரோப் 1928-இல் ரஷ்ய மாயக்கதைகள் நூற்றை எடுத்து, எல்லாவற்றுக்கும் அடியில் 31 செயல்கள் ஒரே வரிசையில் வருகின்றன என்று காட்டியவர். அப்போது எங்கள் வகுப்பில் யாரும் எந்தக் கதையைத் தொட்டாலும் புரோப்தான். நானும் நீலியை அந்த 31 கட்டத்துக்குள் அடைக்கப் பார்த்தேன். புரோப்பின் வரிசை கல்யாணத்திலோ பட்டமேற்பதிலோ முடியும். எங்கள் கதைகளோ கொலைக்குப் போய், கொலையிலிருந்து தெய்வத்துக்குப் போய், அங்கிருந்து கொடைக்கு, அதாவது அந்தத் தெய்வத்தின் கோவில் விழாவுக்குப் போகின்றன. கடைசிக் கட்டங்களில் எதையோ இட்டு நிரப்பி நெறியாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்க இசக்கி ரஷ்யாவுக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டாளாம்மா?" என்று கேட்டார். அத்தியாயம் குப்பைக்குப் போனது. புரோப்மேல் தப்பில்லை. அவர் ஒருவகைக் கதைக்கு மட்டும் செய்த அளவுச்சட்டையை நான் எல்லாருக்கும் மாட்டப் பார்த்தேன்.

இதே கோட்டில் இன்னொரு வெறியும் இருந்தது: அசலைக் கண்டுபிடிப்பது. பின்லாந்துக்காரர்கள் வகுத்த வரலாற்று நிலவியல் முறை அப்படிப்பட்டது. ஒரு கதையின் வேறுபாடுகளை எல்லாம் திரட்டி, எது எங்கே எப்போது கிடைத்தது என்று ஒப்பிட்டு, மூலவடிவத்தை நோக்கிப் பின்னால் போவது. ஆர்னே 1910-இல் போட்ட கதைவகை அடைவும் (கதைகளை வகைபிரித்த பட்டியல்), அதைத் தாம்சன் விரித்ததும், 2004-இல் ஊதர் திருத்தியதும் இந்த வேலைக்குப் பிறந்தவைதான். நீலிக்கு வடக்கே திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர். அங்கே கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்கிய எழுபது வேளாளர் கதை பெரிது. நம் பக்கம் பாடும்போது ஊர் பழகைநல்லூர் ஆகிவிடும். எது முந்தியது என்று அண்ணாவியிடமே கேட்டேன். "அங்கயும் நடந்துருக்கும், இஞ்சயும் நடந்துருக்கும். பொம்பளையக் கொல்லுதவன் ஒரே ஊருலயா இருக்கான்?" என்றார். அதற்குப் பிறகு மூலவடிவத்தைத் தேடுகிற ஆசை எனக்குக் குறைந்துவிட்டது. அடைவுகளை இன்றும் பயன்படுத்துகிறேன், அகராதி பார்ப்பதுபோல.

சித்திரையில் கொடை வந்தது. வெள்ளி ராத்திரி. கோவிலுக்கு முன்னால் பந்தல். புரிமணை என்ற வளையத்தில் குடம், குடத்தோடு சேர்த்துக் கட்டிய வில், வரிசையாக மணிகள். உடுக்கை, தாளம், கட்டை. எதிரே சாமி. அண்ணாவி எப்போதும் சாமியைப் பார்த்தபடிதான் இருந்தார், கூட்டத்தை அல்ல. நான் மைக் செட்காரரைப் பிடித்து, ஆம்பிளிபயரிலிருந்து நேராக ஒரு வயரை என் ரெக்கார்டருக்கு இழுத்துக்கொண்டேன். கூட்டத்தின் இரைச்சல் இல்லாமல், ஜெனரேட்டர் சத்தம் இல்லாமல், பாட்டு மட்டும் கண்ணாடிபோல் விழுந்தது. இதைவிட நல்ல ஒலிப்பதிவு உலகத்தில் யாரிடமும் இருக்காது என்று நினைத்தேன்.

நடுச்சாமம் தாண்டியது. மணல் தலையணை வந்தது. அண்ணாவி நிறுத்தவில்லை. அதுவரை ஒரு பாட்டு, அதற்கு ஒரு வசன விளக்கம், இடையில் ஒரு சிரிப்பு என்று நிதானமாக வந்தவர், அந்த இடத்தில் வசனத்தை அறவே விட்டார். பாட்டுமேல் பாட்டு. உடுக்கை வேகம் கூடியது. பெண்கள் குரவை இட்டார்கள். சாமியாடுகிற கோமரத்தாடி எழுந்தார். அண்ணாவியின் கண் அவர்மேலேயே இருந்தது. அவர் ஆடுகிற வேகத்துக்குப் பாட்டு போனதா, பாட்டு இழுத்த இழுப்புக்கு அவர் ஆடினாரா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒன்றரை மணிநேரம். ஒரு வரி தடுமாறவில்லை. அந்த ஒன்றரை மணிநேரத்தின் நடுவில், கல் விழுகிற இடத்திலேயே, என் தொண்ணூறு நிமிடக் கேசட்டின் முதல் பக்கம் தீர்ந்து 'டப்' என்று நின்றது.

மறுநாள் மீதியைப் போட்டுக் கேட்டேன். அண்ணாவியின் குரலும் வில்லும் மட்டும். குரவை இல்லை. கோமரத்தாடியின் அலறல் இல்லை. "அம்மா, தாயே" என்று கூட்டம் எழுந்து நின்ற சத்தம் இல்லை. ராத்திரி என்னை உலுக்கிப்போட்டது எதுவும் அதில் இல்லை. சுத்தமான ஒலிப்பதிவு என்று நான் பெருமைப்பட்டது, சூழலை மொத்தமாக வடிகட்டிய ஒலிப்பதிவு. அமெரிக்க நாட்டார் வழக்காற்றியலாளர் ஆலன் டண்டிஸ் 1964-இல் எழுதிய ஒரு கட்டுரையில் பனுவல், அதன் மொழி இழை (ஓசையும் சொல்முறையும்), சூழல் மூன்றையும் சேர்த்தே பதிய வேண்டும் என்கிறார். அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து எழுதியும் இருந்தேன். கையில் வயர் கிடைத்ததும் மறந்துபோனது.

இப்போது என் மாணவர்களிடம் இரண்டு கருவி கொண்டுபோகச் சொல்கிறேன். ஒன்று மைக் செட்டிலிருந்து வயர் வழியாக. இன்னொன்று கூட்டத்துக்குள், பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில், தோளில் தொங்கவிட்டபடி. இரண்டையும் பிறகு சேர்த்துக் கேட்க வேண்டும். அமுக்காத வேவ் கோப்பாகப் பதிந்தால் நல்ல தரத்தில் ஒரு மணிநேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். விடியவிடியக் கொடைக்கு அதற்கேற்ற கார்டும், மாற்று பேட்டரியும் வேண்டும். கோவிலில் சார்ஜ் போட இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது, கிடைக்கிற பிளக்கில் எல்லாம் சீரியல் செட் மாட்டியிருக்கும். யாராவது எடுத்த வீடியோவை வாங்குவதானால் வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், தரம் போய்விடும். டாக்குமெண்டாக வாங்குங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், கோவில், பாடுகிறவர், என்ன சந்தர்ப்பம் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவையுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரல் மாறாது. என் 41 கேசட்டில் 14 கடற்காற்றில் பூசணம் பிடித்துப் போனது. மிச்சம் உள்ளவற்றிலும் இரண்டு யார் பாடியது என்றே தெரியவில்லை. அட்டையில் எழுதியிருந்தேன், அட்டை மாறிப்போயிற்று.

எழுத்தில் பெயர்க்கிற வேலையைப் பற்றி யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை. ஒரு நிமிடப் பாட்டுக்கு எனக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனது. குடமும் உடுக்கையும் சேர்ந்தடிக்கும் இடத்தில் இன்னும் கூட. அலுப்பில் ஒரு காரியம் செய்தேன். 'பிடாது' என்று பாடியதைக் 'கூடாது' என்று எழுதினேன். 'இஞ்ச' 'இங்கே' ஆனது. வல்லினம் மிகுவித்தேன். நெறியாளர் முதல் பத்துப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது யார் பாடினது, அவரா நீங்களா?" என்று கேட்டுத் திருப்பித் தந்தார். மொத்தமும் மறுபடி. ஆனால் அந்த இரண்டாம் சுற்றில்தான் ஒன்று பிடிபட்டது. தை மாதத் திண்ணைப் பதிவையும் சித்திரைக் கொடைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாட்டு வரிகள் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒன்று. வசனங்கள்தான் முழுக்க வேறு. யூகோஸ்லாவியக் காவியப் பாடகர்கள் ஒவ்வொரு முறையும் பாடும்போதே பாட்டைக் கட்டுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் பாரியும் லார்டும் சொன்னதை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது என்று அப்போது புரிந்தது. இங்கே பாட்டுக்குப் பின்னால் ஏடு, அதாவது எழுதிவைத்த பிரதி, இருக்கிறது. சாமித்தோப்பு அய்யாவழிக்காரர்களின் புனித நூலான அகிலத்திரட்டை ஏடு வாசிப்பாக ஊர்கூடிக் கேட்கிற மாவட்டம் இது. வாய்மொழி என்றால் எழுத்தே தொடாதது என்று நினைத்துக்கொண்டு வந்தால், அண்ணாவி வீட்டுப் பரணில் ஓலைக்கட்டும், நீளநோட்டும், 'பெரிய எழுத்து' மலிவுக் கதைப் புத்தகமும் ஒன்றாகக் கிடப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டியதுதான். தொல்காப்பியம் 'பாட்டு உரை நூலே வாய்மொழி பிசியே' என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வரிசையாகச் சொல்வது அதனால்தானோ என்னவோ.

துறைக்கு நாட்டுப்புறவியலா, நாட்டார் வழக்காற்றியலா என்று பெயர்ச்சண்டை ஒன்று உண்டு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் இரண்டாவது பெயரில்தான் துறையே நடந்தது. எனக்கும் அதுவே பிடிக்கும். 'புறம்' என்று சொன்னவுடன் நகரத்தில் ஒன்றும் இல்லை என்றாகிறது. வடசேரி பேருந்து நிலையத்தில் நடத்துநர்கள் ஒருவருக்கொருவர் வைத்திருக்கும் பட்டப்பெயர்களைத் திரட்டினாலே ஒரு ஆய்வேடு தேறும்.

மனசுக்குக் கஷ்டமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துத் தெய்வங்களில் பாதிப்பேர் கொலையுண்டவர்கள். தம்பிமார் கதையை எடுத்துக்கொண்டால், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பட்டத்துக்குப் போட்டியாக நின்று கொல்லப்பட்டவர்கள் அவர்கள். அரச வரலாறு அவர்களைக் கலகக்காரர் என்கிறது, வில்லுப்பாட்டு அவர்களுக்காக அழுகிறது. அது அரண்மனை விவகாரம், எழுதினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஊருக்குள் இருக்கும் சின்னப் பீடங்கள் அப்படியல்ல. நான் பதிந்த ஒரு கதையில், கொன்றவர்களின் வழிவந்தவர்களும் செத்தவரின் வழிவந்தவர்களும் ஒரே தெருவில் இருந்தார்கள். பாட்டில் கொன்ற குடும்பத்தின் பெயர் வராது, 'பெரிய வீட்டார்' என்று மட்டும் வரும். நான் கெட்டிக்காரத்தனமாக வேறொருவரிடம் விசாரித்து, வீட்டுப்பெயரை ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகப் போட்டேன். பட்டம் வாங்கி ஒரு வருடம் கழித்து ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். சத்தம் போடவில்லை. "நாங்க வருசா வருசம் கொடைக்குப் பணம் குடுக்கோம் அம்மா. எதுக்குக் குடுக்கோம்னு ஊருக்குத் தெரியும். பாட்டுக்காரனுக்கும் தெரியும். அவன் பேரைச் சொல்லலியே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நூலாகக் கொண்டுவந்தபோது அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டேன். நூலகத்தில் இருக்கும் ஆய்வேட்டுப் படியில் அது இன்னும் இருக்கிறது. சம்மதம் வாங்குவது என்றால் பாடுகிறவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். பாட்டே ஓர் இடத்தில் வாய்மூடினால் அங்கே நாமும் வாய்மூட வேண்டும் என்பது அந்தத் தாளில் இல்லை.

இனி, அந்த மூன்று இருபது மணிக்கு வருகிறேன்.

கொடை முடிந்து, விடியற்காலை வில்லைப் பிரித்துக் கட்டும்போது அண்ணாவியிடம் கேட்டேன்: "அன்னைக்கு மறந்து போச்சுன்னு சொன்னீங்களே பாட்டா?"

மணிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "வீட்டுத் திண்ணையில வச்சுப் பாடப்பிடாது மக்ளே. கொலையப் பாடினா அவ வருவா. படைப்பு இல்ல, பலி இல்ல, ஆடுகதுக்கு ஆளு இல்ல. வந்து நிக்கவளுக்கு நான் என்னத்தக் குடுக்கது?"

பாட முடியாது என்று நேராகச் சொன்னால் வீடு தேடி வந்த பிள்ளை வருத்தப்படும் என்று மறதியைச் சொல்லியிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் 1970களின் கடைசியில் இந்த மாவட்டத்திலேயே வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் நூலாக வெளியிட்டிருக்கிறார். கொலையும் தெய்வமாதலும் வரும் பகுதியில் பாடும் முறையே மாறுவதையும், சாமி இறங்குவது அதோடு கோத்துக் கிடப்பதையும் அதில் எழுதியிருக்கிறார். அந்த நூல் என் கைக்கு வந்தது பிறகுதான். முன்பே படித்திருந்தால் தை மாதத்திலேயே அந்த வரியை வேறு மாதிரி எழுதியிருப்பேன். அப்புறம் அ.கா. பெருமாள் போன்றவர்கள் இந்த மண்ணின் கலைகளைப் பற்றித் தமிழிலேயே இவ்வளவு எழுதி வைத்திருக்கும்போது, களத்துக்குப் போகுமுன் படிக்க நேரமில்லை என்று சொல்லும் மாணவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆய்வேட்டில் அண்ணாவியின் பதிலை முழுதாக மேற்கோள் காட்டி, ஓர் அத்தியாயமே எழுதினேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

2009-இல் மிஞ்சிய கேசட்டுகளைக் குறுந்தட்டாக மாற்றி ஒரு படி கொடுக்கப் போனேன். அப்போது அண்ணாவி இல்லை, இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏழு வருடம் தாமதமாகப் போனேன் என்பதற்கு நான் எந்தச் சாக்கும் சொல்லப்போவதில்லை. பாட்டி அவர் குரலைக் கேட்டு அழுதுவிட்டு, பிறகு சாயா போட்டுத் தந்தார். பேச்சுவாக்கில் அந்தத் திண்ணைக் கதையைச் சொன்னேன். பாட்டி சிரித்தார். "அவிய அப்பிடியா சொன்னாவ? அன்னைக்கு மருமக மாசமா இருந்தாளாக்கும். உள்ள கட்டில்ல படுத்துக் கிடந்தா. பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுல இசக்கி கதையப் படிக்கப்பிடாதுன்னு நான்தான் உள்ள இருந்து கண்ணக் காட்டினேன்."

நான் திண்ணையில் இருந்தேன். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். ரெக்கார்டரின் ஊசி ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாடுகிறவரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியதுதான் பிழை. கேட்கிறவர்கள், பக்கத்தில் இருந்தவர்கள், உள்ளே இருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று திரட்டுவதற்கு டண்டிஸ் 'வாய்மொழி இலக்கியத் திறனாய்வு' என்று பெயர் வைத்தார். கதையின் பொருளை நாமே அறையில் உட்கார்ந்து ஊகிக்காமல், அதை வைத்திருப்பவர்களிடமே கேள் என்பதுதான் விஷயம். பெண்களிடம் கேட்க வேண்டுமானால் ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில், ஓலை முடையவோ பயறு உடைக்கவோ கூட உட்கார்ந்து கேட்க வேண்டும். பகல் பதினொன்று மணிக்குக் கிடைத்த அளவுக்கு எனக்கு எந்த நேர்காணலிலும் கிடைத்ததில்லை.

2022-இல் மகனைப் பார்த்தேன். அவரும் வில்லடித்தவர், இப்போது கடை வைத்திருக்கிறார். அப்பா சொன்னது, அம்மா சொன்னது இரண்டையும் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார். "சொன்னா தப்பா நெனைக்கப்பிடாது தங்கச்சி. அப்பாக்கு அந்தப் பகுதி நோட்டு இல்லாம வராது. அறுபது தாண்டினதுக்குப் பொறவு கொடையிலயும் நோட்டு வச்சுத்தான் படிப்பாரு. நீங்க வந்த அன்னைக்கு நோட்டு ஏங்கிட்ட இருந்து. மறந்து போச்சுன்னு சொன்னது நெசமாக்கும்."

மூன்று பேரும் எனக்கு வேண்டியவர்கள். மூன்று பேருக்கும் பொய் சொல்லக் காரணம் இல்லை. மகனுக்கு அப்பாவின் மறதி வருத்தம், பாட்டிக்குத் தன் கண்ணசைவு பெருமை, அண்ணாவிக்கு இசக்கி பயம். மூன்றும் சேர்ந்தே நடந்திருக்கலாம். ஆய்வேட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கொடை ராத்திரியில் எடுத்த படங்களைத் தேடினேன். மொத்தம் பதினொன்று. ஒன்றில் அண்ணாவி வீசுகோலை உயர்த்தியபடி இருக்கிறார், வாய் திறந்திருக்கிறது. குடத்துக்குப் பின்னால், பாதி மறைந்து, விரித்துக் கவிழ்த்த ஒரு நீளநோட்டு. கதை நோட்டாக இருக்கலாம். அன்பளிப்பு கொடுத்தவர்களின் பெயரை எழுதிவைத்து மைக்கில் வாசிக்கிற நோட்டாகவும் இருக்கலாம். நெகட்டிவை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டையில் மஞ்சள் பொட்டு வைத்திருப்பது தெரிகிறது. எழுத்து தெரியவில்லை.